ராணி வேஷம்

மில் லீவு நாளில் ராயபுரத்துத் தொழிலாளர் சபா நாடகம் போட்டது. அரசன் அடித்ததும் ராணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சத்தமே வராமல் அழுதாள். பெண்கள் பக்கம் முழுவதும் விசும்பியது.

"உனுக்கு மட்டும் கண்ணு கலங்கலியேடி, கல்நெஞ்சுக்காரி!" என்றாள் பக்கத்து வீட்டுக் குப்பம்மா, மலர்க்கொடியிடம்.

மலர்க்கொடி பல்லைக் கடித்துக்கொண்டாள். தான் அழும் விதத்தை யாராவது பார்த்தால், இத்தனை வருஷம் வீட்டுக்குள் மூடிவைத்தது தெருவுக்கே தெரிந்துவிடும்.

நாடகம் முடிந்ததும் ராணி வேஷக்காரனுக்குச் சபாத் தலைவர் மெடல் குத்தினார். "பொம்பள மாதிரியே அழுவுறியே, எங்க கத்துகினே நைனா?"

அவன் சவுரியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். "தோ, குந்திகினு கீதே என் பொஞ்சாதி. நான் அடிச்சா அப்டித்தான் அழுவும்."

கூட்டம் மலர்க்கொடியைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. குப்பம்மாவின் கன்னத்தில் ராணிக்காக விட்ட கண்ணீர் இன்னும் காயவில்லை. அவளும் தட்டினாள்.