நான்கு இலைகள்

கோடை முழுக்கத் தவசியப்பனுக்குக் கொல்லைப்புறமே கதி. அங்கே செம்பருத்தியில் தேன்சிட்டு கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. நாற்காலியில் இருந்தபடியே குஞ்சுகளைப் பார்க்க ஆசைப்பட்டு, கூட்டை மறைத்த நான்கே நான்கு இலைகளைக் கிள்ளினார். திறந்த வாய்கள் மஞ்சளும் சிவப்புமாக நன்றாகவே தெரிந்தன.

மறுநாள் காலையில் கூடு கிழிந்து தொங்கியது.

"காக்காதாண்ணே தூக்கிட்டுப் போச்சு, நான் பாத்தேன்," என்றாள் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி. "அத்தன எலைக்குள்ள இருந்தது அதுக்கு எப்படித்தான் கண்ணுல பட்டுச்சோ!"

"பாழாப்போன காக்கா," என்றார் அவரும்.

தாய்ச்சிட்டு வாயில் பூச்சியோடு வந்து, இலை கிள்ளிய கிளையில் உட்கார்ந்தது. அவர் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். அப்படியும் உட்கார முடியவில்லை.