அப்பாவின் சம்மதம்

"என் பொண்ணுக்கு வலிப்பு வர்றது டியூஷன் சென்டருக்கு எப்படி சார் தெரிஞ்சுது? ஊரே பேசுது. அவ ஸ்கூலுக்கு வரவே மாட்டேங்குறா!"

பள்ளி அலுவலக மேசையை ஓங்கித் தட்டினேன்.

கிளார்க் நிமிரக்கூட இல்லை. "ஃபைலைக் கேட்டாங்க, கொடுத்தோம். நீதானேப்பா சம்மதிச்ச?"

"நானா?"

"போன மாசம். இதோ, உன் கைநாட்டு. தெரியாத காகிதத்துல எல்லாம் விரலை வச்சுட்டு, இங்க வந்து குதிக்காத."

சிமென்ட் அப்பிய என் கையைப் பார்த்துச் சிரித்தார்.

காகிதத்தை வாங்கி, எழுத்துக்கூட்டி, தேதி வரைக்கும் சத்தமாக வாசித்தேன். அவர் சிரிப்பு நின்றது.

"வேலை முடிஞ்சு ராத்திரிப் பள்ளிக்கூடம் போய் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டேன். மூணு வருஷமா எங்கேயும் கையெழுத்துதான் போடுறேன். இது எவன் கட்டைவிரல்?"