இலையில் விட்ட பாயசம்

“எனக்கு ஒரு ஸ்பூன் வேணும்.”

பெண்கள் பந்தி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அந்த வீட்டில் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று ஆரியசாலைத் தெரு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தவள்.

பந்தி முடிந்து, ராகுகாலம் கழிந்ததும், எனக்கும் கோலப்பனுக்கும் நிச்சயத் தாம்பூலம். எங்கள் வீட்டில் இடம் காணாது என்று அவர்கள் வீட்டிலேயே ஏற்பாடு. மாப்பிள்ளை திருக்கொச்சி சர்க்காரில் குமாஸ்தா.

இலையில் போளி வைத்து, மேலே பால்பாயசம் விட்டார்கள். எல்லாரும் பிசைந்து வழித்துச் சாப்பிட்டார்கள். எனக்கு அது முழங்கை வழியாகச் சேலைக்குப் போயிற்று.

என் கை அப்படி. முடமில்லை, நோயில்லை. நான் நினைப்பது ஒன்று, விரல் செய்வது ஒன்று. ரவிக்கைக் கொக்கி மாட்டவே வருஷக்கணக்காகப் பழகினேன். கோலம் இன்றுவரை வரவில்லை. வைத்தியர் எண்ணெய் போட்டார், டீச்சர் பிரம்பால் போட்டாள். எங்கள் குடும்பத்தில் யாரும் மிதிக்காத காலேஜில் இந்தக் கையால்தான் பி.ஏ. எழுதினேன்.

“பி.ஏ. பாஸானா கையில சோறு ஒட்டாதோ?” மாப்பிள்ளையின் அத்தை பகவதி கேட்டாள். பந்தியே சிரித்தது.

மாப்பிள்ளையின் அம்மா சிவகாமியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். எந்தப் பந்தியிலும் உட்காராதவள். கடைசி ஆள் சாப்பிட்ட பிறகே சாப்பிடுவாள். உத்தமி என்று தெருவே சொல்லும்.

அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்தாள். நுனி தேய்ந்திருந்தது.

“எனக்கும் இதே கைதான் மக்களே. கோலப்பனுக்குக்கூடத் தெரியாது. கல்யாணம் கழிஞ்சா நாம ரெண்டு பேரும் கடைசியா இங்க இருந்து தின்னுக்கிடலாம். ஒருத்தரும் பாக்கமாட்டா.”

எவ்வளவு ஆசையாகச் சொன்னாள்!

ஸ்பூனோடு பந்திக்குத் திரும்பினேன். எல்லார் முன்னாலும் உட்கார்ந்தேன். பக்கத்து இலை காலியாக இருந்தது.

“அத்தை, நீங்களும் வந்து உக்காருங்க.”

சிவகாமியம்மாள் அடுக்களை வாசல்நிலையைப் பிடித்தபடி நின்றாள். தாண்டவில்லை.

கடைசிச் சொட்டுவரை சாப்பிட்டேன். இலையை மடக்கினேன்.

முன்கட்டில் அப்பா தாம்பூலத் தட்டில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தார். “வீட்டுக்குப் போலாம்ப்பா” என்றேன். பாயசம் வழிந்த சேலையோடு, ஆண்கள் உட்கார்ந்திருந்த கூடத்தின் நடுவாகவே நடந்து, தெருவில் இறங்கினேன்.