வற்றும் நேரத்துத் தூண்டில்

“அண்ணே, இரை மாட்ட மறந்துட்டீங்க,” என்றார் சலூன்காரர்.

பாறைப் பிளவின் ஓரத்தில் நின்றிருந்த மனிதர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அந்த வெறும் முள்ளையே மறுபடி தண்ணீருக்குள் இறக்கினார். மூன்று கொக்கி சேர்ந்த பெரிய முள், கூடவே கனத்த ஈயக்குண்டு. அதில் சுறா சிக்கினால் உண்டு, இல்லையென்றால் படகுதான் சிக்க வேண்டும்.

சலூன்காரருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கடை லீவு என்றால் அவருக்கு இந்தப் பாறைதான் கதி. மீன் பிடிக்கிறாரோ இல்லையோ, பேச ஆள் பிடித்துவிடுவார். கால் பிசகி ஒரு மாசம் வீட்டோடு கிடந்துவிட்டு இன்றுதான் வந்திருந்தார், நாக்கு துருப்பிடித்துப் போயிருந்தது.

“தப்பா நினைக்காதீங்க. தண்ணி வத்துற நேரத்துல இங்க ஒரு மீனும் நிக்காது. ஏறும்போதுதான் பாறையில இருக்கிற நண்டு, சிப்பியைத் தின்ன கரைக்கு வரும். நானே அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்.”

“வத்தும்போதுதான் வரணும்னு சொன்னாங்க,” என்றார் அந்த மனிதர். “இன்னைக்கு அமாவாசை, நல்லா இறங்குமாம். இதை விட்டா மறுபடி இப்படி வத்த ரெண்டு வாரம் ஆகுமாம். நாங்க நாளைக்கு ஊருக்குக் கிளம்பணும் தம்பி. இதுக்கு மேல லீவு தர மாட்டேங்கிறாங்க.”

யாரோ வெளியூர்க்காரருக்கு நன்றாகக் காது குத்தியிருக்கிறார்கள் என்று சலூன்காரர் நினைத்துக்கொண்டார்.

மனிதரின் மனைவி பக்கத்தில் குந்தியிருந்தாள். நூல் இறங்கிய இடத்தை விட்டு அவள் கண் அசையவில்லை. “அந்தப் பெரிய பாறைக்கு அடியில போடுங்க. அங்க இன்னும் பார்க்கலை,” என்றாள்.

அங்கே போட்டதும் நூல் எதிலோ சிக்கியது. அவள் எழுந்துவிட்டாள். கணவர் அவசரப்படாமல், உள்ளே இருப்பதற்கு வலிக்குமோ என்பது போல மெல்ல இழுத்தார். அவர் உள்ளங்கை இரண்டும் நூல் அறுத்துப் புண்ணாகியிருந்தது.

வந்தது ஒரு கொத்துப் பாசி. அதை மடியில் வாங்கி, விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஒரு மீனுக்கா இந்த அழுகை என்று சலூன்காரர் வாய் வரை வந்த கேலியை விழுங்கினார். வீட்டில் என்ன கஷ்டமோ, யார் ஆசைப்பட்டுக் கேட்டார்களோ. நினைத்ததும் அவருக்கு மனசு கரைந்துவிட்டது.

அதற்குள் பின்பக்கப் பள்ளத்தில் தண்ணீர் சலசலத்தது. “கிளம்புங்க அக்கா. கடல் முன்னாடி பக்கம்தான் ஏறும்னு நினைக்காதீங்க, முதல்ல இந்தப் பள்ளம்தான் ரொம்பும். அப்புறம் கரைக்குப் போக வழி இருக்காது.”

“ஒரே ஒரு தடவை தம்பி. இன்னும் ஒரே ஒரு தடவை.”

“உசிரு முக்கியமா, இது முக்கியமா?”

முழங்கால் தண்ணீரில் சலூன்காரர்தான் அவள் கையைப் பிடித்துக் கரைக்கு நடத்தி வந்தார். வழியெல்லாம் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, “அப்போ அவ்வளவுதானா?” என்று கணவரைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

இருவரும் சாலைப் பக்கம் நடக்க, சலூன்காரர் கரையோரப் பாறையில் நின்று தன் தூண்டிலை வீசினார். ஏறும் தண்ணீர் ஏமாற்றவில்லை. இரை நனைந்ததுதான் தாமதம், முழங்கை நீளத்துக்கு ஒன்று வந்து மாட்டியது.

வீட்டில் மீன் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். போகட்டும், வெறுங்கையோடு போய் வீட்டுக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். மீனைப் பையில் போட்டுக்கொண்டு, பிசகிய காலோடு நொண்டி நொண்டி அவர்கள் பின்னால் ஓடினார்.

“இந்தாங்க அக்கா. உங்க பேரைச் சொல்லித்தான் போட்டேன். அந்தப் பாறையடியிலயே மேஞ்சு நல்லாக் கொழுத்திருக்கு பாருங்க. கொண்டுபோய்ச் சமைச்சுச் சாப்பிடுங்க.”

அவள் பைக்குள் பார்த்தாள். சட்டென்று பின்வாங்கிக் கணவரின் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள். அவர் ஒரு கையால் அவளை அணைத்து, மறு கையால் பையை மெதுவாக விலக்கினார்.

“வேண்டாம் தம்பி. எங்க பையன் இன்னும் அந்தத் தண்ணிக்குள்ளதான் இருக்கான்.”