சிவப்புக்குப் பொருத்தம்

கண்ணாடிச் சுவர் வழியாக விழும் காலை வெயிலில், கடை நடுவே நிற்கும் சின்ன டிராக்டர் புது மாப்பிள்ளை மாதிரி மினுங்குகிறது. அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார், ஆறு ஏக்கர் புல்வெளிக்குப் புதிதாகச் சொந்தக்காரரான மனிதர். ஸ்டீயரிங்கை அப்படியும் இப்படியும் திருப்புகிறார்; வாயால் 'டுர்ர்ர்' என்று சத்தம் போடாததுதான் பாக்கி. விற்பனையாளன் அவர் தும்மினால்கூட "சூப்பர் சார்" என்கிறான். டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் புல்வெட்டிகள் இரண்டு தரையில் கிடக்கின்றன. ஒன்று மெல்லிய பிளேடு வைத்தது, தோட்டப் புல்லைக் கம்பளம்போலச் சீவத்தான் லாயக்கு. மற்றது புதருக்கும் கல்லுக்கும் அசராத முரடு. மனிதருக்கு மெல்லியதுதான் வேண்டுமாம். டிராக்டரின் சிவப்போடு அதுதான் பொருந்துகிறதாம். கையில் ஸ்பேனரோடு நிற்கும் மெக்கானிக் நான், சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். அவர் ஷூவில் ஒரு தூசி இல்லை. அவர் மனைவியின் பேன்ட்டிலோ முழங்கால்வரை ஒட்டுப்புல். அந்தம்மா குனிந்து, மெல்லிய பிளேடை விரலால் சுண்டிப் பார்க்கிறார். "நிலம் பூரா கல்லாக் கெடக்கு. இது தாங்குமா?" என்கிறார். "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா," என்று மேலேயிருந்து பதில் வருகிறது. அந்தம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முரட்டு வெட்டியைக் காட்டி என்னிடம் சொல்கிறார்: "அண்ணே, அதையே மாட்டுங்க. சீட்டையும் கொஞ்சம் முன்னாடி தள்ளி வைங்க, ஓட்டப்போறது நான்தான். அவசரமில்ல, அவரு வெளையாடி முடிச்சு எறங்கட்டும்."