பாஸ்டனில் ஒரு வரவேற்பு

1964. மிசிசிப்பியிலிருந்து இரண்டு நாள் பஸ்ஸில் வந்த கறுப்பினப் பெண் எர்னஸ்டின், பாஸ்டனில் வாரனின் வீட்டு வாசலில் நின்றாள்.

வாரன் வெள்ளைக்காரன். கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை கேட்டு, அந்தக் கோடை முழுக்க அவளோடு வீடு வீடாக அலைந்து போலீஸிடம் அடி வாங்கியவன். "எங்க ஊருக்கு வா, எர்னி. கல்யாணம் பண்ணிக்கலாம்" என்றவன்.

கதவைத் திறந்த அவன் அம்மா, அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"வாம்மா, வா! வாரன் உன்னைப் பத்திப் பேசாத நாளே இல்ல. தங்கமான பொண்ணாமே!"

எர்னஸ்டினுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு மாமியாரா!

"உன் ரூம் தயாரா இருக்கு. சமையலறைக்குப் பக்கத்துலதான்." ஒரு வெள்ளை ஏப்ரனை எடுத்து நீட்டினாள் அம்மா. "பழைய வேலைக்காரி நின்னதுலேர்ந்து எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு. ஞாயித்துக்கிழமை உனக்கு லீவு, என்ன?"

அம்மா உள்ளே போனதும், அதுவரை பின்னால் நின்றிருந்த வாரன் நெருங்கி வந்து கிசுகிசுத்தான்.

"ஒரு மாசம் சமாளி, எர்னி. அவங்க உன்னோட பழகட்டும். அப்புறமா நான் கல்யாண விஷயத்தைச் சொல்றேன்."

போலீஸ்காரன் அவள் முகத்தில் காறித் துப்பியபோதுகூட இவ்வளவு அவமானமாக இருந்ததில்லை.

ஏப்ரனை அவன் தோளில் போட்டாள்.

"எங்க ஊர் வெள்ளைக்காரனே தேவலை, வாரன். வேலைக்காரி வேணும்னா, வேலைக்காரி வேணும்னுதான் கூப்பிடுவான். கல்யாணம்னு சொல்லிக் கூப்பிட மாட்டான்."