பிறந்தநாள் இல்லாத பெரியவர்

பல்கலைக்கழகத் தோட்டத்துச் சிலைகளுக்கெல்லாம் பொருள் சொல்லும் காகம் ஒன்று இருந்தது. குட்டி ஈனும் நாள் நெருங்கிவிட்ட அணில், கூடு கட்ட ஏற்ற சிலையைக் காட்டும்படி அதனிடம் கேட்டது.

"விரலை நீட்டி நிற்கிறாரே, அவர்தாம் மிகப் பெரியவர். எதிர்காலத்தைச் சுட்டுகிறார்" என்றது காகம்.

"அந்தப் பக்கம் கேன்டீன்தானே இருக்கிறது, அண்ணே?"

"வாயாடி! பேசாமல் ஏறு!"

அணில் துள்ளி ஏறி, தேங்காய் நாரால் அவர் தோளில் கூடு கட்டியது. மறுநாளே ஆட்கள் ஏணியோடும் தண்ணீர்க் குழாயோடும் வந்தார்கள். பெரியவருக்குப் பிறந்தநாள்! அவரைக் குளிப்பாட்டி மாலை போட்டார்கள். கூடு சாக்கடையோடு போயிற்று.

"ஐயோ, குளிக்காத பெரியவர் ஒருவரும் இல்லையா?" என்று பதறியது அணில்.

காகம் அலட்சியமாகச் சொன்னது: "நூலகத்தின் பின்னால் ஒருவர் நிற்கிறார். பெயரே அழிந்துவிட்டது. அவரிடம் ஏணி போனதே கிடையாது. அவரெல்லாம் ஒரு..."

அணில் மிச்சத்தைக் கேட்க நிற்கவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு பறந்தது.

சில நாளில் அந்தச் சிலையின் மடித்த கைக்குள்ளிருந்து குட்டிகளின் கீச்சொலி எழுந்தது. காகம் எட்டிப் பார்த்தது.

"அண்ணே, உமக்குச் சிலை பார்க்க எங்கே தெரிகிறது!" என்று அணில் குதித்தது. "கையை எப்படி மடித்திருக்கிறார், பாரும்! பிள்ளை வளர்த்தே பெயர் வாங்கியவர் இவர்!"